எண்டோஸ்கோபிக்கு முன் நோயாளி அறிந்திருக்க வேண்டியவை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு முழுமையான வழிகாட்டி

மருத்துவர் சீட்டில் எண்டோஸ்கோபி என்று எழுதியதும் வீட்டில் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டுதான். "வாய் வழியாகக் குழாய் விடுவார்களாமே, தாங்க முடியுமா?" என்பது ஒன்று, "பெரிய வியாதி என்று சந்தேகப்படுகிறார்களோ?" என்பது மற்றொன்று. இந்த இரண்டு பயங்களிலேயே மனம் சிக்கிக்கொள்வதால், பரிசோதனை நல்லபடியாக முடிய என்ன தேவையோ அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே பலர் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். குழாய் உள்ளே இருக்கும் நேரம் சாதாரணமாக 5 முதல் 10 நிமிடம் மட்டுமே. அந்த நேரம் பாதுகாப்பாகவும் பயனுள்ளதாகவும் அமைவது பெரும்பாலும் நோயாளியின் கையில்தான் இருக்கிறது: முந்தைய இரவு என்ன சாப்பிட்டார், எந்தெந்த மாத்திரை போடுகிறார் என்பதை எந்த அளவுக்கு மறைக்காமல் சொன்னார் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் அவ்விரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதற்காக இந்தப் பரிசோதனை

சுண்டுவிரல் பருமனுள்ள, வளையக்கூடிய குழாயின் நுனியில் விளக்கும் சிறு கேமராவும் பொருத்தி, உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் உட்சுவரைத் திரையில் நேரடியாகப் பார்ப்பதே எண்டோஸ்கோபி. ஸ்கேனில் ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் ஆகியவை நன்றாகத் தெரியும். ஆனால் இரைப்பையின் உட்சுவரில் உள்ள சிறு புண்ணோ, சிவந்துபோன சவ்வோ அதில் தெரியாது. "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே, இது எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நம் மாவட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் பழக்கம் ஒன்று உண்டு. நெஞ்செரிச்சலோ, சாப்பிட்டதும் வயிறு உப்புசமோ வந்தால் "கேஸ் டிரபிள்" என்று பெயரிட்டு, மருந்துக்கடையில் பான்டோபிரசோல் அல்லது ஒமிபிரசோல் அட்டையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவார்கள். அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரைகள் நல்ல மருந்துகள்தான். ஆனால் அவை வலியை அடக்கிவிடுவதால், அடியில் இருக்கும் நோய் கவனிக்கப்படாமலேயே வளரக்கூடும். விழுங்கும்போது உணவு நெஞ்சில் தடைபடுதல், காரணமின்றி எடை குறைதல், தொடர்ந்து வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், இரத்தசோகை, நடுவயதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்கிய வயிற்றுக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல. இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகிய இரண்டுக்கும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

எண்டோஸ்கோபி எழுதினாலே புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் விடை இரைப்பை அழற்சி, அமிலம் மேலே ஏறுதல், புண் போன்றவைதான். இரைப்பைப் புண்களுக்குக் காரமும் கவலையும் மட்டுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று 1980களில் நிறுவிய ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருக்கிறதா என்பதை எண்டோஸ்கோபியின்போதே சிறு துணுக்குத் திசு எடுத்துச் சோதிக்க முடியும். ஆனால் அமிலம் குறைக்கும் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு வந்தால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எனவே இந்தச் சோதனைக்காக அம்மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டுமா என்று தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தக் கசிவுக்காகவோ கடும் புண்ணுக்காகவோ போடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

தேதி வாங்கும் நாளில் சொல்ல வேண்டியவை

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்படும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காசு கொடுத்து வாங்காததால் அது மருந்தல்ல என்று ஆகிவிடாது. அந்த அட்டையையும் சிகிச்சைக் குறிப்பையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள். நாட்டு மருந்து, சூரணம், லேகியம், மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். வலி மாத்திரைகள் இரைப்பைப் புண்ணுக்கு முக்கியமான காரணம் என்பதால், அதைச் சொல்வதே பாதி நோயறிதலாகும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வால்வு மாற்றியவர்கள் போடும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின், டாபிகாட்ரான், ரிவராக்ஸபான் ஆகியவை இவ்வகை. "சோதனைக்குப் போகிறோமே, இரத்தம் வந்துவிடுமே" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு இவற்றை நிறுத்திவிட்டு வருவது, எண்டோஸ்கோபியைவிடப் பல மடங்கு ஆபத்தானது. புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு அது மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். வெறுமனே பார்ப்பதற்கும் சிறு பயாப்சி (சோதனைக்கான திசுத் துணுக்கு) எடுப்பதற்கும் இம்மருந்துகளை நாட்கணக்கில் நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை; சில மருந்துகளில் அன்று காலை வேளையை மட்டும் தள்ளிப்போடச் சொல்லலாம். கட்டி அகற்றுவது, சுருங்கிய உணவுக்குழாயை விரிப்பது போன்ற சிகிச்சைகளுக்குத்தான் நிறுத்துவது பற்றிய பேச்சு வரும். அதையும் இதய மருத்துவரும் வயிற்று மருத்துவரும் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் காலை நேரத்துக்கான முதல் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். பட்டினி நேரம் குறையும். பரிசோதனை நாள் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம் என்பதால், அதைச் சோதனை முடிந்து சாப்பிடும் வேளைக்குத் தள்ளி வைக்கச் சொல்வது வழக்கம். இன்சுலின் அளவை உங்கள் மருத்துவரே குறைத்துச் சொல்ல வேண்டும். நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் பட்டினியோடு சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் நிலையை உண்டாக்கக்கூடும். அவற்றை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்லலாம். வாரம் ஒருமுறை போடும் செமாகுளூட்டைட் போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், அவற்றையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையைப் பெரும்பாலும் அதிகாலையில் ஒரு மிடறு நீருடன் வழக்கம்போல் போடச் சொல்வார்கள்.

ஆஸ்துமா, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, வலிப்பு, பேஸ்மேக்கர், முன்பு மயக்க மருந்தில் ஏற்பட்ட சிக்கல், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றையும் மறவாமல் சொல்லுங்கள். மாதவிலக்கு நாட்களில் வரலாமா என்று பெண்கள் தயங்குகிறார்கள். தாராளமாக வரலாம், அது எந்த வகையிலும் தடையல்ல. மது அருந்தும் பழக்கம் இருந்தால், குடும்பத்தார் எதிரில் சொல்லக் கூச்சமாக இருப்பின் மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். தூக்க ஊசியின் அளவும், ஈரல் பாதிப்பால் உணவுக்குழாயில் இரத்த நாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்று தேடுவதும் அந்த ஒரு தகவலைப் பொறுத்தவை. நம் பக்கத்தில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லில் கறை படிந்தவர்கள் அதிகம். கறையால் எந்தத் தொல்லையும் இல்லை, ஆனால் ஆடும் பல் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அது கழன்று மூச்சுக்குழாயில் விழ இடமுண்டு.

வெறும் வயிறு என்றால் என்ன

இதில்தான் அதிகமானவர்கள் தவறுகிறார்கள். திட உணவு முடிந்து குறைந்தது 6 முதல் 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காரணங்கள் இரண்டு. இரைப்பையில் உணவு இருந்தால் அது உட்சுவரை மறைத்துவிடும். புண் இருந்தும் தெரியாமல் போகலாம். அதைவிட முக்கியமானது, குமட்டலின்போது உணவு மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து. தொண்டை மரத்திருக்கும்போதும் மயக்கத்தில் இருக்கும்போதும் இருமி வெளியேற்றும் ஆற்றல் குறைந்திருக்கும் என்பதால், அது கடும் நிமோனியாவாக முடியலாம். மருத்துவமனைக்காரர்கள் பட்டினி இருக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருந்தால், முந்தைய இரவு 9 மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வேண்டாம். கறிக் குழம்பும் வேண்டாம். நார்ச்சத்தும் கொழுப்பும் நிறைந்தவை இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் போன்றவை போதும். காலையில் "கூழ் தண்ணி மாதிரிதானே" என்று ஒரு சொம்பு கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு, கூழ் உணவுதான். பால், பால் கலந்த டீ, காபி, மோர், மாம்பழச் சாறு ஆகியவையும் உணவுக் கணக்கில்தான் சேரும். தெளிந்த நீர் மட்டும் பொதுவாகச் சோதனைக்கு 2 மணி நேரம் முன்பு வரை சிறிதளவு அனுமதிக்கப்படுகிறது. வழுக்கை இல்லாத இளநீரும் பாலில்லாத கறுப்பு டீயும் இந்த வகையிலேயே வரும். உங்கள் மருத்துவமனை அதைவிடக் கடுமையாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். உணவு இரைப்பையிலிருந்து இறங்காமல் தேங்கும் நோய் உள்ளவர்களுக்கு இன்னும் நீண்ட பட்டினி தேவைப்படலாம். வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி, சூயிங்கம் எதுவும் அன்று காலை கூடாது.

அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ முதல் பேருந்தைப் பிடித்து வருபவர்களுக்கு, இறங்கும் இடத்தில் டீக்கடையைக் கடந்து போவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அப்படி அரை டம்ளர் டீ குடித்துவிட்டால் அதை மறைக்காமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். நேரத்தைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். "சாப்பிடவில்லை" என்று சொல்லிவிட்டுப் படுப்பதில் லாபம் எதுவுமில்லை. தொலைவிலிருந்து வருவதைத் தேதி வாங்கும்போதே சொன்னால், வசதியான நேரத்தைக் கேட்டுப் பெறலாம். காத்திருக்கும்போது கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல் ஏற்பட்டால் சர்க்கரை இறங்குகிறது என்று கொண்டு உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்; பட்டினி கெட்டுவிடுமே என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

அவசர நிலைகளில் மட்டும் இந்தப் பட்டினிக் கணக்கு மாறும். குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் அது உணவுக்குழாயில் சிக்கிய 2 மணி நேரத்துக்குள்ளேயே சுவரை அரிக்கத் தொடங்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், வயிறு காலியாகட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். கழிவறை ஆசிட் குடித்தவர்களையும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

பரிசோதனை நாள்

உடன் வர ஒருவர் கட்டாயம் வேண்டும். தளர்வான உடை உடுத்தி வாருங்கள். பல்செட், மூக்குக்கண்ணாடி, நகைகள் ஆகியவற்றைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுங்கள். விரல் நுனியில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி மாட்டப்படும் என்பதால் நகப்பூச்சை அழித்துவிட்டு வருவது நல்லது. பழைய ரிப்போர்ட்டுகள், ஆதார் அட்டை, குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியோ, ஒசூரிலோ சேலத்திலோ உள்ள தனியார் மருத்துவமனையோ, எங்கே போவதாக இருந்தாலும், எந்தக் கிழமை எண்டோஸ்கோபி செய்கிறார்கள், காப்பீட்டில் வருமா, பயாப்சிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை முதலிலேயே கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் இராது.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான இரத்தப் பரிசோதனை எழுதினால் மனம் புண்படாதீர்கள். பல இடங்களில் அனைவருக்கும் எடுக்கப்படுவது அது. ஒருவருக்குப் பயன்படுத்திய எண்டோஸ்கோபிக் குழாய் முதலில் தேய்த்துக் கழுவப்பட்டு, பிறகு கிருமிநாசினித் திரவத்தில் குறிப்பிட்ட நேரம் ஊறவைக்கப்பட்டு, அலசிய பின்பே அடுத்தவருக்கு வரும். அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல மருத்துவமனையில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தை யாராவது உங்களுக்குத் தமிழில் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள். குழாய் குடற்சுவரைத் துளைப்பதும் கடும் இரத்தக் கசிவும் வெறுமனே பார்க்கும் எண்டோஸ்கோபியில் மிக மிக அரிது. ஆயினும் அவை படிவத்தில் இருக்கும், இருக்கத்தான் வேண்டும்.

ஸ்ப்ரேயா, தூக்க ஊசியா என்பது அடுத்த கேள்வி. தொண்டையில் லிக்னோகெயின் ஸ்ப்ரே மட்டும் அடித்துச் செய்தால், விழித்தபடியே இருப்பீர்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பலாம். ஊசி போட்டால் பெரும்பாலும் நினைவே இராது. ஆனால் கண்காணிப்பும் ஓய்வும் செலவும் கூடும். நிதானமாக மூச்சுவிடக்கூடியவருக்கு ஸ்ப்ரே போதும் என்பது என் எண்ணம். மிகவும் பதறுபவர்களும், சிகிச்சையும் சேர்த்துச் செய்யப்படுபவர்களும் ஊசி கேட்பதில் தவறேதும் இல்லை.

ஸ்ப்ரே கசக்கும். ஓரிரு நிமிடங்களில் தொண்டை தடித்துவிட்டதுபோலவும் எச்சில் விழுங்க முடியாததுபோலவும் தோன்றும். மூச்சு அடைக்கிறதோ என்று பலர் பயந்து எழுந்துவிடுவது இந்த இடத்தில்தான். மரத்துப்போன உணர்வு மட்டுமே அது. பிறகு இடது பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே துளையுள்ள பிளாஸ்டிக் வளையத்தை வைப்பார்கள். குழாய் நாக்கைக் கடந்து தொண்டையின் பின்புறம் வந்ததும் "விழுங்குங்கள்" என்பார்கள்; அந்த ஒரு விழுங்கலில் அது உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடும். மூச்சுக்குழாய் வேறு பாதை, அது திறந்தே இருக்கிறது. மூக்கால் இழுத்து மெல்ல விடுங்கள். எச்சிலை விழுங்க முயலாமல் கடைவாய் வழியே வழியவிடுங்கள். துணி வைத்திருப்பார்கள், உறிஞ்சும் குழாயும் இருக்கும். இரைப்பையை விரிக்கக் காற்று செலுத்தும்போது வயிறு உப்பி ஏப்பம் வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குமட்டல் வரும், கண்ணில் நீர் வரும், ஆனால் கூர்மையான வலி இராது. குழாயைக் கையால் பிடித்து இழுப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஏதேனும் தாங்க முடியவில்லை என்றால் கையை உயர்த்திக் காட்டுவதாக முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"சதை எடுத்திருக்கிறார்கள்" என்று வெளியே வந்து சொன்னதும் குடும்பமே கலங்கிப்போவதுண்டு. பயாப்சி என்பது சில மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கு, எடுக்கும்போது வலிப்பதில்லை. கிருமி இருக்கிறதா, அழற்சி எவ்வகை, சத்துகள் உறிஞ்சப்படுகின்றனவா என்று பார்க்கவும் அது எடுக்கப்படும்.

பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி என்றால் தயாரிப்பு வேறு. 2, 3 நாள் முன்பிருந்தே கேழ்வரகு, கீரை, கொய்யா, விதையோடு கூடிய தக்காளி ஆகியவற்றைத் தவிர்த்து, வெள்ளைச் சோறு, இட்லி, தயிர் என்று இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். குடல் கழுவும் பொடியை 2 லிட்டர் நீரில் கரைத்து, சொன்ன நேரங்களில் முழுவதும் குடித்தே ஆக வேண்டும். கடைசியில் மலம் கட்டியின்றி, தெளிந்த மஞ்சள் நீராகப் போனால்தான் தயார் என்று பொருள். கலங்கலாகவே போனால் கிளம்பும் முன் மருத்துவமனையிடம் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு

தொண்டை மரத்துப்போனது தெளியும் வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், எதையும் சாப்பிடாதீர்கள். முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள். புரையேறாமல் இறங்கினால், ஆறிய கஞ்சியோ இட்லியோ சாப்பிடலாம். சூடாக எதையும் குடித்தால் வாய் வெந்துபோவதுகூடத் தெரியாது. தொண்டைக் கரகரப்பு ஓரிரு நாள் இருந்து போய்விடும். தூக்க ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்கு வண்டி, டிராக்டர் ஓட்டுவதோ, மோட்டார் பம்புசெட்டில் கை வைப்பதோ, பத்திரத்தில் கையெழுத்திடுவதோ கூடாது. தெளிவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றினாலும் கூடாது.

நெஞ்சிலோ வயிற்றிலோ கூடிக்கொண்டே போகும் கடும் வலி, மூச்சுத்திணறல், கழுத்தில் வீக்கம், காய்ச்சல், இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைத்து, எண்டோஸ்கோபி செய்த விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் "ஆன்ட்ரல் காஸ்ட்ரைட்டிஸ்" என்றிருந்தால் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி என்று பொருள். மிகப் பரவலாகக் காணப்படுவது. "ஹையாட்டஸ் ஹெர்னியா" என்பது இரைப்பையின் மேற்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையின் வழியே சற்று மேலேறியிருப்பது. "ஆர்.யு.டி." என்பது எடுத்த திசுத் துணுக்கில் கிருமியைக் கண்டறியும் விரைவுச் சோதனை; அது "பாசிட்டிவ்" என்றால் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறது, பெரும்பாலும் 14 நாள் வரை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிக்கொல்லிகளும் அமிலக் குறைப்பியும் சேர்த்துத் தரப்படும். நான்காம் நாளே வயிறு நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

பயாப்சி முடிவு ஒரு வாரம், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். தேடி வந்து யாரும் கொடுக்க மாட்டார்கள். எந்த நாளில், எந்த அறையில் வாங்குவது என்று கிளம்பும் முன்பே ஓ.பி. சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரைப்பையில் புண் என்று வந்தவர்களுக்கு 8 முதல் 12 வாரத்தில் மறுபடியும் எண்டோஸ்கோபி செய்து, புண் முழுவதும் ஆறியதா என்று பார்க்கச் சொல்லலாம். வலி போய்விட்டது, இனி எதற்கு என்று அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். ஆறாத புண்ணுக்குள் புற்றுநோய் ஒளிந்திருந்தால் அது சில வேளைகளில் இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் பிடிபடும்.